அடக்கம்

விஜய் ஹஸாரே 2004-ம் வருஷம் டிசம்பர் 18-ந் தேதி சனிக்கிழமை பரோடாவில் காலமானார். அவருக்கு வயது 89. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மாலை, கிழக்குத் தாம்பரத்தைத் தாண்டிச் சேலையூரில் ஒரு வீட்டு வராந்தாவில் ஏழெட்டு முதியவர்கள் கூடி அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் போயிருந்தேன். எனக்கு அப்போது 23 வயது. இரண்டு கதைகள் அச்சாகியிருந்தன. ஹஸாரே ஆடி நான் பார்த்ததில்லை. அவருடைய கடைசி டெஸ்ட் பந்தயம் 1953-ல் நடந்தது. என் தகப்பனாருக்கே அப்போது பால்பல் விழுந்திருக்காது.

அதை இரங்கற் கூட்டம் என்று சொல்லுவதற்கில்லை. படம் கிடையாது, மாலை கிடையாது, தலைவர் கிடையாது. காபி இருந்தது. மார்கழி பிறந்து மூன்று நாலு நாள் ஆகியிருந்ததால் எல்லோர் கழுத்திலும் மப்ளர் இருந்தது. பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம், பெருங்களத்தூர் என்று ரயில் பாதையை ஒட்டியே வாழ்ந்து, ரயிலிலேயே ஆபீஸுக்குப் போய் வந்து, ஓய்வு பெற்றவர்கள். பையன்களாக இருந்தபோது, 1952 பிப்ரவரியில், இதே பாதையில் மின்சார ரயிலேறிச் சேப்பாக்கத்துக்குப் போய், இந்தியா முதல் முதலாக ஒரு டெஸ்ட் பந்தயத்தில் ஜயித்ததைக் கண்ணால் பார்த்தவர்கள். அன்றைய காப்டன் ஹஸாரே.

என்ன பேசினார்கள்? அடக்கமான மனுஷர் என்றார் ஒருவர். அவ்வளவு பெரிய ஆட்டக்காரர், ஒரு வார்த்தை உயர்த்திப் பேசினதில்லை என்றார் இன்னொருவர். நிறைகுடம் தளும்பாது என்றார் மூன்றாமவர். இந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் ஒரு விக்கெட் விழுந்தால் போடும் கூத்தைப் பற்றி ஒரு கால்மணி நேரம் போயிற்று. பிறகு மறுபடியும் அடக்கம். ரயில்வேயில் கணக்கு இலாகாவில் இருந்த ஒருவர் மட்டும் ஓரத்து நாற்காலியில், குடையை முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அன்றிரவே உட்கார்ந்து எழுதினேன். ஒரு சிறு பத்திரிகை அதைப் போட்டது. தலைப்பு, சொல்லவே கூச்சமாக இருக்கிறது, 'நிறைகுடம்.' அது வெளிவந்தபோது படிக்கிற மனநிலையில் யாரும் இல்லை. ஹஸாரே இறந்த எட்டாம் நாள், டிசம்பர் 26-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை, கடல் கரையேறிவிட்டது. சென்னைப் பத்திரிகைகளில் அப்புறம் வெகு நாளைக்கு வேறு மரணங்களுக்கே இடம் போதவில்லை.

ஹஸாரேயின் வாழ்க்கையில் இது முதல் தடவை அல்ல என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. 1948 ஜனவரியில் அடிலெய்டில் அவர் தம் வாழ்நாளிலேயே பெரிய ஆட்டத்தை ஆடினார். பந்தயம் 28-ந் தேதி முடிந்தது. 30-ந் தேதி காந்திஜி சுடப்பட்டார். 1952-ல் சேப்பாக்கத்தில் பந்தயம் தொடங்கிய பிப்ரவரி 6-ந் தேதியன்றே இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் இறந்துபோனார். மறுநாள் ஆட்டம் இல்லை என்றாகிவிட்டது. மூன்றாவது, அவருடைய சாவு. இப்படி ஒரு நாவலில் எழுதினால் வாசகர் நம்பமாட்டார். ஆசிரியர் வலிந்து செய்கிறார் என்பார். நானே அப்படித்தான் சொல்லுவேன்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் அந்த ரயில்வேக்காரரிடமிருந்து வரச்சொல்லி ஆள் வந்தது. போனேன். மேஜைமேல் என் கட்டுரை விரித்து வைத்திருந்தது. கணக்கு தணிக்கை செய்வதுபோல் சிவப்பு மசியில் சில வார்த்தைகளுக்கு அடியில் கோடு.

"ரெண்டு பக்கத்திலே பதினோரு அடக்கம், தம்பி" என்றார். "மனுஷனை அடக்கம் பண்ணிட்டே."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"எப்படி ஆடினார்னு ஒரு வரி இருக்கா இதிலே? தேடிப் பார்த்துட்டேன். இல்லே."

இல்லைதான். இருபது வருஷங்களுக்கு மேலாகியும் அந்தக் கட்டுரையை நினைத்தால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஹஸாரே கூச்ச சுபாவம் உள்ளவர், அதிகம் பேசாதவர், யாரோடும் போட்டி போட்டுக்கொண்டு பேர் வாங்கப் பார்க்காதவர் என்பதில் அவரை அறிந்தவர்களுக்குள் கருத்து வேற்றுமை இல்லை. ஆனால் இவ்வளவும் தெருக்கோடியில் இருக்கும் எந்த நல்ல மனிதரைப் பற்றியும் சொல்லலாம். அவரை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுகிற ஒன்றைத்தான் நான் விட்டுவிட்டிருந்தேன்.

அதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன். 1943 டிசம்பரில் பம்பாய் பிரபோர்ன் ஸ்டேடியத்தில் பஞ்சகோணப் பந்தயத்தின் இறுதி ஆட்டம் நடந்தது. ஹிந்துக்கள், முஸ்லிம்கள், பார்ஸிகள், ஐரோப்பியர் என்று ஜாதிவாரியாக அணி பிரித்து ஆடிய காலம் அது. காந்திஜிக்கு அந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. பிற்பாடு நின்றும் போயிற்று. இந்த நாலிலும் சேராதவர்களுக்கு ஐந்தாவதாக ஓர் அணி. அதற்குப் பெயரே 'மற்றவர்கள்' என்பதுதான். ஹஸாரே கிறிஸ்தவர், ஆகவே மற்றவர். ஹிந்துக்கள் 5 விக்கெட்டுக்கு 581. அதில் விஜய் மெர்ச்சன்ட் அவுட் ஆகாமல் 250. மற்றவர்கள் 133-க்குச் சுருண்டு, தொடர்ந்து இரண்டாம் தடவை ஆட வந்தார்கள். அந்த ஆட்டத்தில் அவர்கள் எடுத்த 387 ரன்களில் 309 ஹஸாரேயுடையது. அவருடைய தம்பி விவேக் ஒரு பக்கம் நின்றுகொண்டார். இருவரும் சேர்ந்து 300 ரன் சேர்த்தார்கள். அதில் தம்பியின் பங்கு 21. பந்தயம் தோற்றது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அடிலெய்ட் இன்னும் பெரிய விஷயம். ஆஸ்திரேலியா 674 அடித்தது. பிராட்மன் 201, ஹாஸெட் 198. (நம் செங்கற்பட்டுப் பக்கம் மாமண்டூரில் பிறந்த ரங்காச்சாரிக்கு அதுதான் முதல் டெஸ்ட். அந்த 674-க்குள் அவர் 4 விக்கெட் எடுத்தார் என்பதை இங்கே சொல்லாமல் போனால் எங்கள் பக்கத்துக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள்.) முதல் ஆட்டத்தில் ஹஸாரே 116. இரண்டாம் ஆட்டத்தில் லிண்ட்வால் 38 ரன் கொடுத்து 7 விக்கெட் வீழ்த்தினார். ஆறு பேர் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. மொத்தம் 277, அதில் ஹஸாரே 145. ஒரே டெஸ்டில் இரண்டு ஆட்டத்திலும் சதம் அடித்த முதல் இந்தியர் அவர். இதற்கும் பந்தயம் இன்னிங்ஸ் தோல்விதான். அதே பந்தயத்தில் பிராட்மனின் ஸ்டம்பைப் பெயர்த்தவரும் ஹஸாரேதான். ஸிட்னியிலும் 13 ரன்னில் பெயர்த்திருந்தார். முதல்தரப் பந்தயங்களில் அவருடைய விக்கெட்டுகள் 595 என்பதை அவருடைய ரஸிகர்களே மறந்துவிடுகிறார்கள்.

1952 ஜூனில் லீட்ஸ் நகரத்தில், இரண்டாம் ஆட்டத்தில் ஒரு ரன்கூட வருவதற்குமுன் நாலு விக்கெட் போய்விட்டது. ட்ரூமன் என்ற புதுப் பையன் புயலாகப் போட்டுக்கொண்டிருந்தான். பலகையில் பூஜ்யத்துக்கு நாலு. அப்போது காப்டன் நடந்து வந்து 56 ரன் எடுத்தார்.

இந்த மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். எதிரே விக்கெட்டுகள் சரிந்துகொண்டே இருக்கின்றன. பந்தயம் தோற்றுவிட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். இந்த மனிதர் மட்டும் அவுட் ஆக மறுக்கிறார். இதற்குப் பெயரா அடக்கம்? எனக்குத் தெரிந்த தமிழில் இதற்கு முரண்டு என்றுதான் பெயர். பேச்சில் ஒன்றும் காட்டாத ஒருவர் மட்டையைக் கையில் எடுத்ததும், உலகத்திலேயே வேகமான பௌலரிடம், உன்னால் முடியாது என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டு நிற்கிறார். 1947-ல் ஹோல்கர் அணியோடு நடந்த ரஞ்ஜி இறுதி ஆட்டத்தில் குல் முகம்மதுவும் அவரும் சேர்ந்து 577 ரன் சேர்த்தார்களே, அதில் அடக்கம் எங்கே இருக்கிறது? எதிர் அணியில் இருந்தவர்களைக் கேட்டால் அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பார்களா? அந்த 577, ஹஸாரே கண் மூடும்வரை உலக ரிக்கார்டாகவே இருந்தது. 2006-ல் கொழும்பில் சங்கக்காராவும் ஜயவர்தனாவும் 624 எடுத்த பிறகுதான் போயிற்று.

பின் ஏன் அந்த வராந்தாவில் எல்லோரும் அடக்கத்தையே பிடித்துக்கொண்டார்கள்? இதைப் பற்றி நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். முப்பது முப்பத்தைந்து வருஷம் குமாஸ்தாவாகவும் கணக்கராகவும் இருந்தவர்கள் அவர்கள். காலை ரயில், மாலை ரயில், மேலதிகாரி. ஆபீஸ் அவர்களிடம் முதலாவதாகக் கேட்டது அடக்கத்தைத்தான். வருஷக் கடைசியில் ரகசியக் குறிப்பேட்டில் நல்லபடியாக எழுதப்பட்டதும் அதுதான். வேறு வழியில்லாமல் பழகின ஒரு குணம், நாலு பேர் கைதட்டின ஒரு பெரிய மனிதரிடமும் இருந்தது என்றால் அதைவிட ஆறுதல் என்ன இருக்கிறது? அவர்கள் ஹஸாரேயைப் புகழ்ந்தார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தங்கள் வாழ்க்கை வீண் போகவில்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது. அதில் தப்பு ஒன்றுமில்லை. எழுதுகிறவன் அதைக் கண்டுகொள்ளாமல் அப்படியே படியெடுத்தது தப்பு.

ஹஸாரேயின் அடக்கத்துக்குமே இப்படி ஒரு காரணம் இருந்திருக்கலாம். அவர் ஸாங்க்லியில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியரின் பிள்ளை. வீட்டில் எட்டுக் குழந்தைகள். பரோடா மகாராஜாவின் சேவகத்தில் சம்பளம் வாங்கி ஜீவித்தவர். அவரோடு எப்போதும் சேர்த்துப் பேசப்படும் மெர்ச்சன்ட் பம்பாயில் ஆலை முதலாளிக் குடும்பம். ஒருவருக்கு இல்லை என்று சொல்லும் சௌகரியம் இருந்தது; மற்றவருக்கு இல்லை. சமஸ்தானத்து கிரிக்கெட்டில் ராஜாக்களே காப்டன்கள், ராஜாக்களே புரவலர்கள். அங்கே வளர்ந்த ஆட்டக்காரர் உரக்கப் பேசாதது குணமா, பழக்கமா என்று பிரித்துச் சொல்லுவது கஷ்டம். ஆகவே அந்தக் குணத்துக்கு மாலை போடுமுன் கொஞ்சம் தயங்க வேண்டும்.

அந்தக் குணத்துக்கு அவர் விலையும் கொடுத்தார். 1951-ல் அவரைக் காப்டனாக்கினார்கள். முதல் டெஸ்டில், டில்லியில், அவுட் ஆகாமல் 164. அடுத்து பம்பாயில் 155. ஆட்டத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பதினோரு பேரை வேலை வாங்குவதற்கு மட்டை மட்டும் போதாது. துணிந்து ஒரு முடிவு செய்யாமல் தோல்வியைத் தவிர்ப்பதிலேயே கண்ணாக இருந்தார் என்ற குறை அவர்மேல் அப்போதும் உண்டு, பிறகும் உண்டு. காப்டனாக 14 டெஸ்ட். வெற்றி ஒன்று, தோல்வி ஐந்து. மெர்ச்சன்டே பிற்காலத்தில், காப்டன் பதவிதான் ஹஸாரேயை இந்தியாவின் தலைசிறந்த பாட்ஸ்மனாக விடாமல் தடுத்தது என்ற அபிப்பிராயத்தைச் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால், நாம் கொண்டாடுகிற அந்தச் சாதுத்தனம் அவருக்குக் கெடுதலும் செய்திருக்கிறது. அஞ்சலி எழுதுகிறவர்கள் இதைத் தொடுவதில்லை. நானும் தொடவில்லை.

வித்வான்கள் விஷயத்திலும் இப்படித்தான். ஒருவர் மறைந்துவிட்டால் அவருடைய வெற்றிலைச் செல்லம், ஜரிகை அங்கவஸ்திரம், ரயிலடியில் யாருக்கோ கும்பிடு போட்டது எல்லாம் வந்துவிடும். அவர் தோடியில் எந்த இடத்தில் நின்றார் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். குணத்தைப் பற்றிப் பேசுவதற்குக் காது வேண்டியதில்லை என்பதுதான் காரணம்.

எல்லா ஊரிலும் இப்படித்தானா? என் அக்காள் மகன் ஒருவன் அமெரிக்காவில் ஸான் டீகோ நகரத்தில் இருக்கிறான். (தாம்பரத்தில் எந்தத் தெருவிலும் இப்படி ஒரு பிள்ளை உண்டு.) 2014 ஜூனில் அந்த ஊர் பேஸ்பால் ஆட்டக்காரர் டோனி க்வின் காலமானார், வயது 54தான். இருபது வருஷம் ஒரே அணிக்கு ஆடியவர். 3,141 தடவை பந்தைச் சரியாக அடித்துக் களம் சேர்ந்தவர். அவரும் அடக்கத்துக்குப் பேர்போனவர். அங்கும் முதலில் அதைத்தான் பேசினார்களாம். அவருடைய சிரிப்பைப் பற்றிப் பேசினார்களாம். ஆனால் இரண்டாவது பேச்சே ஓர் இடைவெளியைப் பற்றி. பேஸ்பாலில் ஒவ்வோர் ஆட்டக்காரர் நிற்கும் இடத்துக்கும் ஒரு நம்பர் உண்டு. ஐந்தாம் நம்பருக்கும் ஆறாம் நம்பருக்கும் நடுவே உள்ள சந்தில் க்வின் பந்தைத் தட்டிவிடுவார். ரஸிகர்கள் அந்தச் சந்துக்கு ஐந்தரை என்று பெயரே வைத்திருக்கிறார்கள். கடைக்காரன், டாக்ஸி ஓட்டுகிறவன் எல்லோரும் ஐந்தரையைப் பற்றிச் சொன்னார்கள் என்று பையன் எழுதியிருந்தான். எனக்குப் பொறாமையாக இருந்தது.

நம் ஊர் ரஸிகர்களுக்கு அந்தக் கண் இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1975 ஜனவரியில் சேப்பாக்கத்தில் ஆண்டி ராபர்ட்ஸ் எல்லோரையும் வாரிக்கொண்டு போனபோது விஸ்வநாத் அவுட் ஆகாமல் எடுத்த 97-ஐ, சதங்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு இன்றும் ஷாட் ஷாட்டாகச் சொல்லுகிறவர்கள் இந்தப் பட்டணத்தில் இருக்கிறார்கள். ஹஸாரேக்குத்தான் அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. சேப்பாக்கத்தின் அந்தப் பெரிய வெற்றியில் எட்டும் நாலுமாகப் பன்னிரண்டு விக்கெட் எடுத்தவர் மன்கட். சதம் அடித்தவர்கள் பங்கஜ் ராயும் உம்ரிகரும். 457-ல் காப்டனின் பங்கு 20. இங்கே வந்து, ஜயித்து, ஞாபகம் வைத்துக்கொள்ள ஒன்றும் கொடுக்காமல் போய்விட்டார். ஆகவே குணத்தை ஞாபகம் வைத்துக்கொண்டார்கள் என்று ஒரு சமாதானம் சொல்லலாம். அரசாங்கமும் கிரிக்கெட் அதிகாரிகளும் தங்களுக்குத் தெரிந்த வழியில் ஞாபகம் வைத்தார்கள். 1960-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இப்போது ஒரு கோப்பைக்கு அவர் பெயர் இருக்கிறது. ஆளுக்கு ஐம்பது ஓவர் ஆடி ஒரே நாளில் முடிகிற பந்தயம். நாள் கணக்கில் நின்று ஆடியவருக்கு அதுதான் கிடைத்தது.

அந்தச் சமாதானத்தை நான் ரயில்வேக்காரரிடம் அன்றே சொல்லிப் பார்த்தேன்.

"இருபது ரன்னிலே ஞாபகம் வச்சுக்க என்ன ஸார் இருக்கு?"

"நீ பார்த்தியா?" என்றார்.

அவர் பார்த்திருந்தார். பதினாலு வயதில், தாம்பரத்தில் ரயிலேறி, புளிசாதப் பொட்டலத்தோடு பார்க் ஸ்டேஷனில் இறங்கி, தீவுத்திடலைத் தாண்டி நடந்தே போயிருக்கிறார். அப்போது மைதானத்தைச் சுற்றி இன்றைய கான்க்ரீட் கிடையாது, மரங்கள்தான். மற்றவர்கள் அடித்த சதங்கள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துபோய்விட்டன என்றார். ஹஸாரே நின்ற நிலை மட்டும் கலக்கவில்லை. மட்டையை இரண்டு காலுறைகளுக்கும் நடுவே வைத்துக்கொண்டு, பார்ப்பதற்கு அழகே இல்லாமல் நிற்பாராம். இவன் எப்படி வேகப் பந்தை ஆடப் போகிறான் என்று பார்க்கிறவனுக்குப் பயமாக இருக்குமாம். (இது உண்மைதான். ஆஸ்திரேலியர் கிளாரி கிரிம்மெட் அவருக்கு இளமையில் பயிற்சி கொடுத்தபோது, அந்த நிலையை மாற்றவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த யோசனைக்கு இந்தியக் கிரிக்கெட் நிரம்பக் கடமைப்பட்டிருக்கிறது.) பந்து வருகிற கடைசி நிமிஷம்வரை அசைவு கிடையாது. அப்புறம் ஓர் எட்டு. பந்து கவர் திசையில் புல்லோடு புல்லாகப் போய்விட்டிருக்கும்.

"ரெண்டே ரெண்டு அப்படி ஆடினார். ஹில்டன் வந்து அவுட் பண்ணிட்டான். எனக்கு அது போதும். வராந்தாவிலே எல்லாரும் அடக்கம் அடக்கம்னாங்களே, நான் ஏன் பேசலை தெரியுமா? எங்க அடக்கம் வேறே, தம்பி. எங்களுக்கு வேறே போக்கிடம் இல்லே. அவர் கையிலே மட்டை இருந்தது."

பிறகு மூலையிலிருந்து குடையை எடுத்து என்னிடம் கொடுத்து, "நில்லு" என்றார். நின்றேன். முழங்கால்களுக்கு நடுவே அதை வைக்கச் சொன்னார், வைத்தேன். இரண்டு கையையும் ஒட்டிப் பிடிக்கச் சொன்னார். வலது தோளைத் தொட்டுக் கொஞ்சம் இறக்கினார். இரண்டடி பின்னால் போய், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, என்னை வெகு நேரம் பார்த்தார்.

"இல்லே" என்றார். "இடது கை தப்பு."